தஞ்சாவூர் பைபாஸ், ஒன்பது மார்க்

அற்புதராஜ் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வீடு காரைக்காலில். வாரத்தில் ஐந்து நாள் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று டாக்டர்களைப் பார்க்க ஓடிக்கொண்டே இருப்பான். மூன்று வருடத்துக்கு முன்னால் மின்சாரக் கார் வாங்கினான். அப்போது அந்த வட்டாரத்தில் அப்படி வண்டி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். எங்கே சார்ஜ் போடலாம், எங்கே போட முடியாது என்பதை அவன் ஊர் ஊராகப் போய், நடுவழியில் மாட்டிக்கொண்டு, வெயிலில் நின்றுதான் கற்றுக்கொண்டான்.

கற்றுக்கொண்டதை ஒரு பட்டியலாக எழுதி வைத்தான். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இப்போது அதில் நாற்பத்தொரு பேர். மாதத்தின் முதல் தேதி பட்டியல் அதில் வந்து விழும். ஊர், கம்பெனி, வண்டியில் மாட்டுகிற கன் எத்தனை, எவ்வளவு வேகம், கக்கூஸ் உண்டா, கடைசியில் பத்துக்கு எத்தனை மார்க். கம்பெனிகளின் பெயரை யாரும் சொல்வதில்லை. மிஷினின் நிறம்தான் பெயர். பச்சைக்காரன் வேகம், ஆனால் கோளாறு வந்தால் போனில் பேசுகிறவன் எங்கோ டெல்லிப் பக்கம் இருப்பான். நீலக்காரன் பழைய மிஷின், பெட்ரோல் பங்கில் வைத்திருப்பான், மெதுவாக ஏறும். ஆனால் பக்கத்தில் தட்டிப் பார்க்க ஒரு ஆள் இருக்கும். ஆரஞ்சுக்காரனுடைய ஆப் அழகாக இருக்கும், மிஷின்தான் எண்பது கிலோமீட்டருக்கு ஒன்று. அற்புதராஜ் இப்படித்தான் பேசுவான். பட்டியலின் தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'நானே போட்டுப் பார்த்த இடங்கள் மட்டும்.'

அந்த வரியை நம்பித்தான் ஜனங்கள் அவனிடம் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள், சென்னைக்குப் பிள்ளையைக் காலேஜில் விடப் போகிறவர்கள் எல்லோரும் கிளம்புமுன் அவனுக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசுவான். "டாக்டருங்ககூட உங்களை இவ்வளவு நேரம் உக்கார வச்சுப் பேச மாட்டாங்க," என்று மனைவி அமலராணி சொல்வாள்.

தஞ்சாவூர் பைபாஸில் ஒரு ஓட்டல் வாசலில் பச்சைக்காரன் புதிதாக மிஷின் வைத்த செய்தி மே மாதம் வந்தது. அறுபது கிலோவாட். குழுவில் எல்லோரும் அதைப் பற்றியே கேட்டார்கள். திருச்சியில் நடக்கும் மாதக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது அற்புதராஜ் அதைப் பார்த்தான், சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து. மழை தூறிக்கொண்டிருந்தது. மிஷினின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. வண்டியில் வீடு வரைக்கும் சார்ஜ் இருந்தது. சுற்றிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்க்க அலுப்பாக இருந்தது. ஆப்பில் அந்தக் கம்பெனிக்கு நாலே முக்கால் நட்சத்திரம் காட்டியது. ஜூன் முதல் தேதிப் பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அவனுக்கு மனம் வரவில்லை. ஒன்பது என்று போட்டான்.

கீர்த்திகா காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதிமூன்று வருடமாக ஒப்பந்தத்தில்தான் வேலை. அற்புதராஜ் அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் போவான், அவளைத் தெரியும். அவள் கணவன் ரஞ்சித்குமார் திருநள்ளாறு பக்கத்து விவசாயக் குடும்பம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி, குழுவில் சேர்ந்திருந்தான்.

கீர்த்திகா மத்திய அரசின் நர்ஸ் தேர்வை நான்கு முறை எழுதியிருந்தாள். போன முறை மூன்று மார்க்கில் போயிற்று. இந்த முறைக்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வு மையம் திருச்சியைத் தாண்டி மணப்பாறை ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒன்றரைக்கு வாசல் கேட்டை மூடிவிடுவார்கள்; அதன்பிறகு யார் வந்தாலும் விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது.

முதல் நாளே பஸ்ஸில் போய் லாட்ஜில் தங்கிவிடலாம் என்பது கீர்த்திகாவின் எண்ணம். சொந்தக் கார் இருக்கும்போது எதற்கு என்றான் ரஞ்சித்குமார். வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் அற்புதராஜுக்குப் போன் போட்டார்கள்.

"பழைய வண்டிங்கண்ணே, ஒரே மூச்சுல திருச்சி போகாது," என்றான் ரஞ்சித்குமார். "நடுவுல எங்க போடலாம்?"

"தஞ்சாவூர் பைபாஸ், பச்சைக்காரன். கண்ண மூடிக்கிட்டுப் போங்க. அரைமணி நேரம் போட்டா போய்ட்டு வர்றதுக்கே காணும்."

கீர்த்திகா போனை வாங்கினாள். "அண்ணே, நீங்க அங்க போட்டுருக்கீங்கள்ல?"

"போட்டுருக்கேம்மா," என்றான் அற்புதராஜ்.

அப்படிச் சொல்லும்போது அவனுக்குப் பொய் சொல்வதாகவே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. நற்கருணைக்கு வரிசை நகர ஆரம்பித்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ரஞ்சித்குமார். அற்புதராஜ் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று எடுத்தான். மணி பத்து ஐந்து.

"அண்ணே, மிஷின் வேல செய்யலண்ணே. கன்ன மாட்டுனா ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"ஆப்புல என்ன காட்டுது?"

"ரெடின்னுதான் காட்டுது. சார்ஜ் பதினாறு பர்சன்ட்தான் இருக்குண்ணே. நேத்து கரண்ட் இல்ல, வீட்ல முழுசா ஏத்த முடியல."

"பதட்டப்படாதீங்க. கன்ன எடுத்துட்டு, வண்டியப் பூட்டித் திறந்து, திரும்ப மாட்டுங்க."

மாட்டினார்கள். வட்டம் சுற்றியது. ஓட்டல்காரரைக் கேட்கச் சொன்னான். மிஷின் எங்களுடையது இல்லை, இடம்தான் எங்களுடையது என்று அவர் சொல்லிவிட்டார். கம்பெனி எண்ணுக்கு ரஞ்சித்குமார் போன் செய்தான். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. இங்கிருந்தே மிஷினை அணைத்துப் போடுகிறோம், பத்து நிமிடம் பொறுங்கள் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாளாம். பத்து நிமிடம் பதினெட்டு நிமிடமாயிற்று. மிஷின் விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி வட்டம்.

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். அமலராணி முக்காட்டை எடுத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்று பேச்சைக் கேட்டாள். அப்போது கீர்த்திகா லைனில் வந்தாள்.

"அண்ணே, மணி பத்தரை ஆயிடுச்சு. நான் பஸ்ல போயிடவா?"

அமலராணிக்கும் அது கேட்டது. "போகச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "தஞ்சாவூர்லேர்ந்து திருச்சிக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்."

அற்புதராஜ் அவளைப் பார்த்துக் கையை அசைத்தான், சும்மா இரு என்பதுபோல. அவன் சொல்லி அனுப்பியவர்கள் சார்ஜ் இல்லாமல் பஸ் ஏறுவது என்பது அந்த நிமிடத்தில் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சாயங்காலத்துக்குள் குழு முழுக்கத் தெரிந்துவிடும்.

"வேணாம்மா. ஆறு கிலோமீட்டர்ல நீலக்காரன் இருக்கான், டவுனுக்குள்ள, பெட்ரோல் பங்க்ல. அங்க நானே எத்தனையோ தடவ போட்டுருக்கேன். முப்பது கிலோவாட். நாப்பது நிமிஷம். நீ பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு உக்காரு."

இது பொய்யில்லை. மாதக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கேதான் போடுவான். போவது காலை ஏழு மணிக்கு.

பத்தே முக்காலுக்கு அவர்கள் பங்கை அடைந்தார்கள். ஒரே ஒரு கன். அதில் ஒரு மின்சார டாக்ஸி அப்போதுதான் மாட்டியிருந்தது. டிரைவர் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

"அவர்கிட்ட போனக் குடுங்க," என்றான் அற்புதராஜ்.

டிரைவரின் பெயர் சோமு. நிதானமாகப் பேசினார். "சார், எனக்கும் பன்னெண்டு மணிக்கு மண்டபத்துல சவாரி இருக்கு. முகூர்த்த நாளு. நான் எங்க போறது, சொல்லுங்க."

"அண்ணே, பரீட்சைங்க அண்ணே. அந்தப் பொண்ணுக்குக் கடைசிப் பரீட்சை."

 கீர்த்திகா ஹால் டிக்கெட்டை எடுத்து அவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் அதை முழுக்கப் படித்தாராம், புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல. பிறகு கன்னைப் பிடுங்கி, தன் வண்டியை நகர்த்திக்கொண்டார்.

அதன்பிறகு நீலக்காரனுடைய ஆப்பை இறக்க வேண்டியிருந்தது. ரஞ்சித்குமாரிடம் பச்சை ஆப் மட்டும்தான் இருந்தது. பெயர், வண்டி எண், ஓடிபி. ஓடிபி வரவில்லை. மறுபடி கேட்டான். இரண்டு ஓடிபி ஒன்றாக வந்தது. எது பழையது எது புதியது என்று தெரியாமல் தப்பானதைப் போட்டான். பதினொன்றே காலுக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது.

"ஏறுதுண்ணே!" என்று ரஞ்சித்குமார் கத்தினான். அற்புதராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். அமலராணி மகளை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கோயில் வளாகத்தில் அவனும் ஒரு பெருக்குகிற பெண்ணும்தான் இருந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி போன் வந்தது.

"அண்ணே, முப்பதுன்னீங்க. ஏழுதான் காட்டுது."

"ஏழா?"

"ஏழு. சில சமயம் ஆறு."

பங்கில் வேலை செய்கிறவரிடம் கேட்கச் சொன்னான். அவர் சொன்ன பதில் போனில் இவனுக்கே கேட்டது. "பத்து மணிக்கு மேல அப்படித்தாங்க. வெயில் ஏறுனா மிஷின் சூடாயிடும், தானாக் கொறச்சுக்கும். காலைல வந்துருக்கணும் நீங்க."

அற்புதராஜ் கணக்குப் போட்டான். இந்த வேகத்தில் திருச்சி போகிற அளவுக்கு ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். மறுபடி போட்டான். அதேதான் வந்தது. ஆரஞ்சுக்காரனுடையது வல்லத்தில் ஒன்று இருப்பதாக ஆப் சொன்னது. தொட்டுப் பார்த்தால் 'பராமரிப்பில்' என்று வந்தது. மரத்தடியில் இங்கேயும் அங்கேயும் நடந்தான். தஞ்சாவூரில் தெரிந்த மெடிக்கல் ஷாப்காரர்களுக்குப் போன் போட்டான். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் கல்யாணத்தில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்தில் இவன் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. வாடகைக் கார் ஒன்றும் அமையவில்லை. சோமு தன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டிருப்பார். அவர் வண்டியிலும் சார்ஜ் இல்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கீர்த்திகாதான் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"அண்ணே, நான் பஸ் ஏறிட்டேன். அவங்க வண்டிகிட்ட இருக்காங்க."

"சரிம்மா. சரிம்மா. திருச்சில ஆள ஏற்பாடு பண்றேன்."

அமலராணியின் தம்பி ஆன்டோ திருச்சியில் இருந்தான். அற்புதராஜ் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். "பைக்க எடுத்துக்கிட்டு பால்பண்ணை ஸ்டாப்புக்கு வந்துடுடா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா நேரமாயிடும். அங்கேயே இறக்கி ஏத்திக்க."

"சரி மாமா. ரெண்டாவது ஹெல்மெட்டு இல்ல."

"பரவால்லடா, வாடா."

அதற்குமேல் அவனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவன் வண்டியில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. இங்கிருந்து கிளம்பினால் தஞ்சாவூர் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். வீட்டுக்குப் போனான். அமலராணி சோறு போட்டாள். கறிக்குழம்பு ஊற்றினாள். தட்டின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தான்.

பன்னிரண்டு இருபதுக்கு, பஸ் செங்கிப்பட்டி தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குத் துவாக்குடி. பிறகு பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. இவன் கூப்பிட்டான்.

"டிராபிக்குண்ணே. திருவெறும்பூர்ல நிக்கிது. ரோடு வேல."

"ஆன்டோவ அங்க வரச் சொல்றேன், நீ இறங்கிடு."

"நடுரோட்ல நிக்கிதுண்ணே, எங்க இறங்கறது..." பஸ்ஸின் ஹாரன் சத்தம். "நகருது, நகருது. வைக்கிறேன்."

ஒன்று எட்டுக்கு அவள் ஆன்டோவின் பைக்கில் ஏறினாள். கல்லூரிக்கு இன்னும் இருபத்தோரு கிலோமீட்டர். ஊரின் உள்ளே புகாமல் சுற்றுச்சாலை வழியாகப் போவதாக ஆன்டோ சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அற்புதராஜ் கை கழுவினான். சாப்பிட்டோமா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. சுவரில் மாதா படத்தின் கீழே கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க வாசலில் போய் நின்றான். கையில் போனில் மணி தெரிந்தது.

ஒன்றரை ஆயிற்று. ஒன்று முப்பத்தைந்து ஆயிற்று. உள்ளே போயிருப்பாள், அதனால்தான் போன் இல்லை என்று நினைத்தான். அமலராணியிடம் அப்படியே சொன்னான். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

ஒன்று நாற்பதுக்கு ஆன்டோ கூப்பிட்டான்.

"மாமா, கேட்ட மூடிட்டாங்க."

"எத்தன மணிக்குப் போனீங்க?"

"முப்பத்தி நாலு. உள்ள செக்கிங்ல கூட்டம் நிக்கிது மாமா, கண்ணுக்கு எதிர்லயே நிக்கிது. கால்ல விழாத குறையா கேட்டுப் பாத்துட்டேன். செக்யூரிட்டி அவங்க மேலதிகாரிக்குப் போன் போட்டாரு. முடியாதுன்னுட்டாங்க. இன்னும் மூணு பேரு நிக்கிறாங்க வெளில. ஒரு பொண்ணு அழுவுது."

"கீர்த்திகா?"

"அவங்க அழல. தண்ணி கேட்டாங்க. வாங்கப் போறேன்."

ரஞ்சித்குமாரின் வண்டி மூன்று மணிக்கு அறுபது சதவீதம் ஏறியது. அவன் திருச்சிக்குப் போகவில்லை. கீர்த்திகா பஸ்ஸிலேயே தஞ்சாவூர் திரும்பினாள். இருவரும் அந்த வண்டியில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் அற்புதராஜ் அவர்கள் வீட்டுக்குப் போனான். ரஞ்சித்குமார் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். கம்பெனிக்காரர்களைத் திட்டித் தீர்த்தான். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடப் போகிறானாம்.

"நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கண்ணே. அவன் மிஷினு ஓடலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? கோயில்ல பாதில எழுந்து வந்து எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சீங்க."

டீ வாங்கி வருவதாக அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பால் இல்லை போலிருந்தது. கீர்த்திகா இரவு டூட்டிக்காக யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அற்புதராஜ் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"கீர்த்திகா, நான் ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த பைபாஸ் மிஷின்ல நான் போட்டதே இல்லம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தேன். போட்டேன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தெரியும்ணே."

"தெரியுமா?"

"போனவொடனே ஓட்டல் வாட்ச்மேன் சொன்னாரு. வச்ச நாள்லேர்ந்து இதுல ஒரு வண்டிகூட ஏறுனதில்லம்மா, விளக்கு மட்டும் எரியும்னு. அவங்க போன்ல இருந்தாங்க, அவங்ககிட்ட நான் சொல்லல."

 "அப்பவே தெரிஞ்சுமா நான் அடுத்து சொன்ன எடத்துக்குப் போனே? பஸ்ல போறேன்னு கேட்டியே, போயிருக்கலாமேம்மா."

"கேட்டேன். நீங்க வேணாம்னீங்க." அவள் யூனிபார்மின் கையை இழுத்து நேராக்கினாள். "அவங்க உங்கள நம்புறாங்க. எனக்கும் வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது. வேற யாரக் கேக்கறது?"

அதில் கோபம் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தான். மன்னிப்புக் கேட்டான். அவள் பெட்டியை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பைக் சத்தம் கேட்டது. "அவங்ககிட்ட சொல்லாதீங்க," என்றாள். "கோர்ட்டு கேஸுன்னு எதையாவது சொல்லிக்கிட்டுத் திரியட்டும். இல்லன்னா நேத்து ராத்திரி மாதிரி தூங்காம தன்னையே திட்டிக்கிட்டுக் கெடப்பாங்க."

 ரஞ்சித்குமார் கொடுத்த டீயைக் குடித்தான்.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினான். தஞ்சாவூர் பைபாஸுக்கு ஒன்பது மார்க் போட்டது தவறு, நான் அங்கே சார்ஜ் போட்டதில்லை, போட்டுப் பார்க்காமலே எழுதினேன், எல்லோரும் மன்னிக்கவும். கீர்த்திகாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான்கைந்து பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். முதல் கட்டைவிரல் ரஞ்சித்குமாருடையது. அவனும் குழுவில் இருப்பது அப்போதுதான் அற்புதராஜுக்கு உறைத்தது. நிரவியிலிருந்து அறிவுச்செல்வன் என்பவர் கேட்டிருந்தார்: 'ஓகே சார். அப்ப சனிக்கிழமை திருச்சி போறோம், தஞ்சாவூர்ல எங்க போடறது?'

அற்புதராஜ் அதற்கு மூன்று முறை பதில் எழுதி மூன்று முறையும் அழித்தான். பச்சைக்காரனுக்கு அவன் அனுப்பிய புகாருக்குப் புகார் எண் வந்தது. மறுநாள் காலை, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று வந்தது. ஆப்பைத் திறந்தான். பைபாஸ் மிஷின் தயார் என்று காட்டியது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தான். போகாமல் இருக்க முடியாது, அந்த வாரம் புது மாத்திரையை அறிமுகப்படுத்த வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு மாடி வராந்தாவில் டாக்டர் அறை வாசலில் நின்றான். கீர்த்திகா ஒரு டிரேயில் ஊசி மருந்துகளை எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள். இரவு டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பகல் டூட்டிக்கு ஆள் வரவில்லையாம்.

"டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காருண்ணே," என்றாள். "முக்கா மணி நேரம் ஆவும். உக்காருங்க."

உட்கார்ந்தான்.